பெண் பார்க்க வந்த நாளில் கணக்கெடுக்க வந்த மிஸ்

மேரியக்காவின் பிரிட்ஜை நாலு ஆம்பிளைகள் சேர்ந்து லயத்தின் இஸ்தோப்பு வழியாகத் தூக்கி வந்த காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பனி இறங்கி எதிர்மலையே தெரியவில்லை. அடுப்புப் புகையும் பனியும் ஒன்றாகக் கலந்து, தூக்குகிறவர்களின் கால்கள் மட்டும்தான் கண்ணில் பட்டன. "மெல்ல, மெல்ல, வாசப்படி இருக்கு!" என்று மேரியக்கா பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. அவளுடைய மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசில் வாங்கிய பிரிட்ஜ் அது. கதவில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவள் இன்னும் உரிக்கவில்லை.

"ஏன்க்கா, இதெல்லாம் வேணுமா?" என்று கேட்டேன்.

"வாய மூடு ராஜேஸு. பொண்ணு பாக்க வாறவங்க ஒரு சோடா கேட்டா எங்கருந்து எடுத்துக் குடுப்ப? தண்ணிக் கொடத்துலருந்தா?"

"எங்க வீட்டுல இருக்கறதே ஒரு பிளக்கு. அதுல டிவிய மாட்டியாச்சே."

"கரண்டு எதுக்குடி? கண்ணுக்கு இருந்தா போதும்."

இப்படித்தான் எங்கள் காம்பராவுக்குள் ஒரு பிரிட்ஜ் வந்து சேர்ந்தது. ஹாலிஎலயைத் தாண்டி மலையேறாத வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கிற தோட்டத்து வீடுகள். அதில் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பதுதான் காம்பரா. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, பின்னால் அடுப்படி. நடுவில் இருக்கிற சுவர் பேருக்குத்தான். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள்.

லயத்துச் சாமான்

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் மற்ற வீட்டுச் சாமான்கள் எல்லாம் அந்த வீட்டுக்குப் போய்விடும். யாரும் போய்க் கேட்கத் தேவையில்லை. அவர்களாகவே தூக்கிக்கொண்டு வருவார்கள். வேண்டாம் என்று சொன்னால் அதற்குத்தான் கோபம் வரும், மாசக்கணக்கில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவற்றைச் சொல்கிறேன். கடைசிக் காம்பராவின் சிவப்புச் சோபா. தோட்டத்துச் சங்கத் தலைவர் வீட்டு டிவி. எதிர் லயத்திலிருந்து ஒரு கண்ணாடி மேசை. பூப்போட்ட கப்பும் சோசரும். ஈரம் ஊறிக் கறுத்துப் போன சுவரை மறைக்க ஒரு பெரிய திரைச்சீலை. அந்தச் சோபா இதுவரை எத்தனை கல்யாணத்தை முடித்து வைத்தது என்று அதற்கே தெரியாது.

இத்தனையும் என் மகள் தர்ஷினிக்காக. தோட்டத்து முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பையன் வீட்டார் பார்க்க வருகிறார்கள். பையன் எல்ல என்கிற ஊரில், வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை. பெயர் கிருபா. படத்தைக் காட்டி "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் என் மகள் ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள். "பாப்போம்" என்பாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மாசம் என் உயிரை எடுத்தாள்.

பிரிட்ஜைப் பார்த்ததும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"ஏம்மா இந்தக் கூத்து? கலியாணம் முடிஞ்சு அவங்க வந்து பாக்கறப்ப பிரிட்ஜ் எங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

"அப்ப ரிப்பேருக்குக் குடுத்திருக்குன்னு சொல்லிக்கலாம். நீ போயி மொகத்தக் கழுவு."

அந்தப் பிரிட்ஜ் சும்மா நிற்பதைப் பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை. வீட்டில் ஒளிக்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. கரி பிடித்த சட்டிகள், அவருடைய மருந்துப் பை, நாங்கள் போர்த்துகிற பழைய கம்பளி. எல்லாவற்றையும் உள்ளே திணித்துக் கதவைச் சாத்தினேன். காலியாகக் கிடப்பதற்கு இது மேல்.

அவர் விழுந்த கதை

"அவர்" என்று எழுதினேன். என் வீட்டுக்காரர் செல்வராஜைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

தேயிலைக்கு நிழல் தருகிற மரங்களில் ஏறிக் கிளை வெட்டுவதில் எங்கள் தோட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு மழைக்காலத்தில் கால் வழுக்கிக் கீழே விழுந்தார். இடுப்பு உடைந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து, தடி ஊன்றி நடக்கிற அளவுக்குத்தான் எழும்பினார். மரத்தில் ஏறியவர் இப்போது அடுப்படிப் படியில் இறங்கவே ஒரு கை பிடிக்க வேண்டும். ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. "விழுந்தது இடுப்புத்தான், நாக்கு மரத்துலயே தங்கிருச்சு" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

நான் கொழுந்தெடுக்கிற சம்பளத்தில் சாப்பாடு நடக்கும். தர்ஷினிக்கு முன்பள்ளியில் கொடுப்பது அவள் செருப்புக்கும் குடைக்கும் சரி. அவருடைய மருந்தும், கிளினிக்குக்குப் போய்வருகிற முச்சக்கரவண்டியும் ஓடுவது அரசாங்கம் தருகிற நிவாரணக் காசில்தான். நாட்டில் சாமான் விலை எல்லாம் தலைக்கு மேல் போன அந்த நெருக்கடிக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்தது அது. அது நின்றால் அவர் வலியோடு படுத்துக்கிடக்க வேண்டியதுதான். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

சும்மா தரமாட்டார்கள். வீட்டில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள், யார் சம்பாதிக்கிறார்கள் என்று வந்து பார்ப்பார்கள். பிறகு எப்போதாவது சொல்லாமல் கொள்ளாமல் திரும்பவும் வருவார்கள். ஏதாவது மாறியிருந்தால் நாமே அவர்களுடைய ஆபீசுக்கு, நாங்கள் சொல்கிற கந்தோருக்கு, போய்ச் சொல்ல வேண்டும். மறைத்தால் நிறுத்திவிடுவார்கள்.

கணக்குக் கேட்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஊரார் காசு அது. வேன் வைத்திருக்கிற ஒரு மனுசன் பெயர் நிவாரணத்தில் வந்தபோது கந்தோர் வாசலில் நின்று முதல் ஆளாகச் சத்தம் போட்டது நான்தான். ஆனால் லயத்துக்குள் எது யாருடையது என்று ஒருநாள் எட்டிப் பார்த்து எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மேரியக்காவைப் பாருங்கள். அவளுக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் அவள் நம்புவது ஒன்றைத்தான். "என் நிவாரணத்த முழுங்கின சனியன்" என்று திட்டிக்கொண்டேதான் அந்தப் பிரிட்ஜைத் தினமும் துடைப்பாள்.

அம்மாவின் காதில் ஈர்க்கு

என் அம்மா காலத்திலும் நிவாரணம் இருந்தது. அப்போது கதை வேறு. பார்க்க வருகிறார்கள் என்று கீழ் லயத்திலிருந்து ஒரு கூவல் வரும். உடனே அம்மா தோட்டைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, காதில் இரண்டு ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். முகத்தையும் அதற்குத் தக்கபடி தொங்கப் போட்டுக்கொள்வாள். சும்மா இருக்கிற நாளிலேயே சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற பொம்பிளை. அவள் அப்படி நிற்பதைப் பார்த்து நாங்கள் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

ஒருமுறை அப்படி ஒளித்த தோடு சோற்றோடு சேர்ந்து வெந்து அப்பாவின் பல்லில் கடிபட்டது. அப்பா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கறி பவுன் கறியா?" என்று கேட்டார்.

அப்புறம் சிரமதானம். நிவாரணம் வாங்குகிறவர்கள் மண்வெட்டியோடு வந்து மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வெட்ட வேண்டும், கூட்டத்தில் உட்கார வேண்டும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் கல்யாணப் பட்டுச்சேலையின் மடிப்பு கலைவதற்குள்ளேயே கான் வெட்டியிருக்கிறேன். நிவாரணம் வாங்காதவர்கள் மதகில் உட்கார்ந்து "அங்க கொஞ்சம் ஆழமா வெட்டு புள்ள" என்று வழி சொல்வார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதிலை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

எதற்குச் சொல்ல வருகிறேன் என்றால், எங்களுக்கு ஒளிக்கவும் தெரியும், காட்டவும் தெரியும். அரசாங்கத்து ஆட்கள் வந்தால் ஒளிப்போம். சம்பந்தம் பேச வந்தால் காட்டுவோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் என்ன செய்வது என்று மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சோபாவில் ராசா

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது பனி விலகி வெயில் வந்திருந்தது. பையன், பையனின் அம்மா பார்வதியம்மா, ஒரு தாய்மாமன். அளவான கூட்டம். பார்வதியம்மா பளபளவென்று மாம்பழக் கலர் சேலை, கழுத்தில் தடித்த சங்கிலி. கையில் வெற்றிலைப் பை. முகத்தில் சிரிப்பே இல்லை. போச்சுடா, பெரிய இடம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பையனைப் பார்த்தேன். ஆள் நல்ல வளர்த்தி, நல்ல முகம். ஆனால் படியேறி வரும்போது ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். மேரியக்கா என் விலாவில் இடித்தாள். "என்னாடி, நொண்டியா?" என்று காதுக்குள் கேட்டாள். கல்யாணத் தரகர் இதைச் சொல்லவே இல்லையே.

எங்கள் வீட்டுக்காரர் சிவப்புச் சோபாவின் நடுவில் கால் மேல் கால் போட முடியாத குறையை மட்டும் வைத்துக்கொண்டு ராசா மாதிரி உட்கார்ந்திருந்தார். "வாங்க, வாங்க! உக்காருங்க. நல்ல சோபா, பயப்படாம உக்காருங்க" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கேசரி வந்தது, வடை வந்தது. தாய்மாமன் பிரிட்ஜைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பேச்சு மழை, கொழுந்து, அப்புத்தளைக் குளிர் என்று சுற்றிக்கொண்டிருந்தது. தர்ஷினி அடுப்படியில் தட்டில் தேத்தண்ணியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

குடையோடு வந்தவர்

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குடை வந்து நின்றது.

"ஈக்கீங்களா? நான் கந்தோரால வாறேன்" என்று குரல் கேட்டது.

பதுளை டவுனிலிருந்து வருகிற பர்ஹானா மிஸ்; அவர் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகிவிடும். நிவாரணம் சரிபார்க்கிறவர். சின்ன வயசு, முக்காடு, கையில் போன். கிழமை நாளில் வந்தால் எல்லோரும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஏறியிருக்கிறார். பாவம், முழங்கால் வரைக்கும் சேறு. கணுக்காலில் ஒரு அட்டை ஊதிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

அட்டையை முதலில் பார்த்தது பார்வதியம்மாதான். "அசையாதீங்க மிஸ்" என்று எழுந்து போய், வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பைத் தொட்டு வைத்தார். அட்டை சுருண்டு விழுந்தது. மிஸ் நன்றி சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

நிமிர்ந்தவர் கண் சோபாவில் பட்டது. டிவியில் பட்டது. கண்ணாடி மேசையில் பட்டது. கடைசியில் பிரிட்ஜில் போய் நின்றது.

"ராஜேஸ்வரி நீங்கதானே? போன முற நான் வந்த நேரம் இதொண்டும் இல்லியே. இதெல்லாம் ஒங்கட சாமான்தானா?"

மாப்பிள்ளை வீட்டார் என் முகத்தைப் பார்க்கிறார்கள். மிஸ் என் முகத்தைப் பார்க்கிறார். ஆமாம் என்றால் எங்கள் வீட்டுக்காரரின் மருந்து போய்விடும். இல்லை என்றால் என் மகளைப் பார்க்க வந்தவர்கள் முன்னால், கேசரி தின்ற கிண்ணத்திலிருந்து உட்கார்ந்திருக்கிற சோபா வரைக்கும் எல்லாம் இரவல் என்று ஆகிவிடும். அந்தப் பிள்ளை தலைகுனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

"மொதல்ல உக்காருங்க மிஸ். ஒரு வாய் தேத்தண்ணி குடிங்க" என்றேன். எனக்கு வந்தது அவ்வளவுதான்.

"தேத்தண்ணி பொறகு குடிப்பம். நான் கண்டதத்தான் போடோணும். எனக்கும் மேல கேக்க ஆள் ஈக்கி" என்று மிஸ் போனைத் திறந்தார்.

எங்கள் வீட்டுக்காரர் தடியை ஊன்றி எழும்பப் பார்த்தார். சோபா அவரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டது.

"கப்பும் எங்களது இல்ல"

அடுப்படியிலிருந்து தர்ஷினி வந்தாள். கையில் தேத்தண்ணித் தட்டு. நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக வரவில்லை. முன்பள்ளியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போகிறவள் மாதிரி விறுவிறுவென்று நேரே மிஸ்ஸிடம் வந்தாள்.

"இல்ல மிஸ். ஒண்ணுமே எங்களது இல்ல. சோபா, டிவி, பிரிட்ஜ் எல்லாம் லயத்துல எரவலா வாங்கி வச்சது. என்னைப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க, அதுக்காக. இந்தக் கப்பும் எங்களது இல்ல. அப்பாவுக்கு மருந்து வேணும் மிஸ். தப்பா எழுதிடாதீங்க."

சொல்லிவிட்டு அந்தக் கப்பையே எடுத்து மிஸ் கையில் கொடுத்தாள்.

என் காது இரண்டும் சூடேறிப் போயிற்று. வெட்கமா, கோபமா, என்ன பிள்ளையைப் பெற்றேன் என்ற பெருமையா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பையன் வைத்த கண் எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தாய்மாமன் கையிலிருந்த வடையைக் கடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் விழித்தார்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. வந்ததிலிருந்து உதட்டைப் பிரிக்காத பார்வதியம்மா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"ஐயோ சாமி, நான் வந்த ஒடனயே பாத்துட்டேன்! பிரிட்ஜு வயரு பின்னால சுருட்டிக் கெடக்கு. கேட்டா மரியாத இல்லன்னு அடக்கிக்கிட்டு இருந்தேன்" என்றார். "மிஸ், அந்தப் புள்ள சொல்றது உண்ம. எங்க லயத்துலயும் இதே கததான். இந்தா, இந்தச் சங்கிலி எங்க பக்கத்து வீட்டுக்காரியோடது. இந்தச் சேல எங்க மதினியோடது, கறபட்டா என்னக் கொன்னுருவா. அதான் நான் கேசரியவே தொடல. இவன் போட்டிருக்கானே சப்பாத்து, அது எங்க அண்ணனோடது. ரெண்டு சைசு சின்னது. அதான் நொண்டிக்கிட்டு வாறான்!"

கிருபா அந்த நிமிசமே குனிந்து சப்பாத்தைக் கழற்றி எறிந்தான். "அப்பாடா" என்று அவன் சொன்னதைக் கேட்டு லயமே சிரித்தது. ஆமாம், லயமேதான். ஜன்னல், கதவு, இஸ்தோப்பு எல்லா இடத்திலும் தலைகள். மேரியக்கா தன் சிரிப்பையும் மீறி, "நொண்டி இல்லடி, நொண்டி இல்ல!" என்று எனக்குச் சேதி சொன்னாள்.

பிரிட்ஜுக்குள் கம்பளி

பர்ஹானா மிஸ்ஸும் சிரித்தார். ஆனால் போனை மூடவில்லை.

"வெளங்குது. எங்கட ஊட்டுலயும் கலியாணம் நடந்திரிக்கி. ஆனா நீங்க சொன்னீங்கண்டு நான் போட ஏலா. கண்ணால காணோணும். யாருட சாமானோ அவங்க வந்து தூக்கிப் போகட்டும். நான் பாத்துட்டு எழுதுறன்."

அது நியாயம்தானே? நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்தது திருவிழா. டிவி போனது. மேசை போனது. திரைச்சீலையை இழுத்ததும் கறுத்த சுவர் பல்லைக் காட்டியது. சோபாவைத் தூக்க வந்தவர்களிடம் எங்கள் வீட்டுக்காரர், "நான் எறங்க மாட்டேன், என்னையும் சேத்துத் தூக்குங்க" என்று அடம் பிடித்தார். அவர்களும் விடவில்லை. அவரோடு சேர்த்துத் தூக்கி வாசல்வரைக்கும் ஒரு ஊர்வலம் காட்டிவிட்டுத்தான் இறக்கினார்கள். இடுப்பு உடைந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிரிட்ஜுக்குக் கை கொடுக்க கிருபா வெறுங்காலோடு ஓடி வந்தான். "தம்பி, கதவப் புடிச்சுக்க..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பிரிட்ஜைச் சாய்த்துவிட்டான். கதவு திறந்தது. கரிச்சட்டி ஒன்று கடகடவென்று உருண்டு மிஸ் காலடியில் போய் நின்றது. அதன் பின்னால் மருந்துப் பை. அதன் பின்னால் எங்கள் பழைய கம்பளி மெதுவாக வழுக்கி வந்து தரையில் விழுந்தது.

"கம்பளிய பிரிட்ஜுல வைக்கிற வீட்ட இப்பதான் பாக்குறேன்" என்றார் பார்வதியம்மா. "கெட்டுப் போகாம இருக்கவா?"

சொல்லிக்கொண்டே அந்தக் கம்பளியை எடுத்து உதறித் தரையில் விரித்து, மதினியின் சேலையைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "வாங்க மிஸ், இது எரவல் இல்ல, உக்காருங்க" என்று பக்கத்தில் தட்டிக் காட்டினார். கேசரிக் கிண்ணத்தையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எத்தனை பேர்?

வெறும் வீட்டை மிஸ் சுற்றிப் பார்த்தார். சுவரைப் படம் எடுத்தார். மருந்துப் பையில் கிளினிக் சீட்டைப் பார்த்தார். இஸ்தோப்பில் பிரிட்ஜின் பக்கத்தில் நின்ற மேரியக்காவிடமும் கேட்டார். "ஆமா மிஸ், என்னோடதுதான். நல்லா எழுதிக்கங்க. ஏற்கனவே என்னோட கணக்குல இருக்கறதுதானே, இன்னொரு தரம் எழுதி என்ன கொறையப் போகுது" என்றாள் மேரியக்கா.

பிறகு மிஸ் கம்பளியில் வந்து உட்கார்ந்து போனில் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"சாமான்ல மாத்தம் ஒண்டும் இல்லண்டு போட்டிரிக்கன். நிவாரணம் நிக்காது, பயப்படாதீங்க" என்றார்.

அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் கூச்சப்பட்டு இழுத்துக்கொண்டார்.

"கடேசிக் கேள்வி. இந்த ஊட்டுல இப்ப எத்தின பேர் ஈக்கீங்க?"

"மூணு பேரு மிஸ். நானு, அவரு, மக."

"ரெண்டுன்னு போடுங்க மிஸ்" என்றார் பார்வதியம்மா. வாயில் கேசரி. நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார். "தை பொறந்தா இந்தப் புள்ள எங்க வீட்டுல இருக்கும். அங்க ஒண்ணு கூட்டி, இங்க ஒண்ணக் கொறச்சுக்கங்க. இந்த வாயி எங்க வீட்டுக்கு வேணும் மிஸ்."

கிருபா தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது சிவந்திருந்தது. தர்ஷினி அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். அவளிடம் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் "பாப்போம்" இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டேன்.

மிஸ்ஸின் விரல் போனுக்கு மேலே நின்றது. பிறகு சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"அப்பிடிப் போட ஏலாம்மா. இன்டைக்கு யாரு ஈக்கிறாங்களோ அவங்களத்தான் போடோணும். மூணுதான். கலியாணம் முடிஞ்ச பொறகு கொறைக்கலாம். ஆனா அத நாங்க தேடி வரமாட்டம். மாத்தம் நடந்தா நீங்கதான் கந்தோருக்கு வந்து சொல்லோணும். சொல்லாட்டிப் பிழை. யாரு வந்து சொல்லுவீங்க?"

நான் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நானே வந்து சொல்றேன் மிஸ்" என்றாள் தர்ஷினி.